லினக்ஸ் கணினி ஹேங் ஆனால், நின்றுபோனது எது?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகள் பெங்களூரில் கொஞ்சநஞ்சமல்ல. ஐ.டி. அலுவலகங்கள் கழித்துவிட்ட ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் பெட்டிகள் எஸ்.பி. ரோடு கடைகள் வழியாக அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் வீடுகளுக்கும் டியூஷன் சென்டர்களுக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கும் வந்து சேர்கின்றன. இனி அவற்றில் பலவற்றுக்கு உபுண்டு, மின்ட், ஃபெடோரா என்று ஏதாவதொரு லினக்ஸ்தான் வழி. நன்றாகவே ஓடும். ஒருநாள் வேலைக்கு நடுவே திரை அப்படியே நின்றுவிடும்.

கடையில் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "ஃபார்மட் பண்ணிடலாம் சார்." வைரஸும் குப்பையும் சேர்ந்த விண்டோஸ் கணினிகளில் பழகிய வைத்தியம் இது. லினக்ஸில் திரை நிற்பதற்குக் குறைந்தது ஐந்து வெவ்வேறு காரணங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றை ஃபார்மட் தொடவே தொடாது. இருக்கும் தடயத்தைத்தான் அழிக்கும். எனவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, எந்த அடுக்கு நின்றது என்பதை.

(கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். கட்டளைகளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும்.)

திரைக்குப் பின்னால் யார் யார்

மவுஸை நகர்த்தி ஒரு விண்டோவில் கிளிக் செய்தால் அது பதில் தருகிறது. இந்தச் சின்ன வேலைக்கே ஐந்து பேர் கைமாற்றிக்கொள்கிறார்கள். கீழிருந்து மேலாக:

1. வன்பொருள்: சிபியு, ராம், கிராஃபிக்ஸ் சிப், ஹார்டு டிஸ்க், இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்.
2. கர்னல்: வன்பொருளை ஆளும் மையம். கிராஃபிக்ஸ் ட்ரைவரின் முக்கியப் பகுதி இதற்குள்தான் இருக்கிறது. இன்டெலுக்கு ஐ915, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு, என்விடியாவுக்கு நூவோ அல்லது அந்த நிறுவனமே தரும் ட்ரைவர்.
3. டிஸ்ப்ளே சர்வர்: எந்த விண்டோ எங்கே வரைய வேண்டும், எந்த விசை யாருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது.
4. டெஸ்க்டாப் ஷெல்: மேல்பட்டை, மெனு, விண்டோக்களின் ஓரம் எல்லாம் இதன் வேலை. க்னோம், கேடிஇ, சின்னமன் போன்றவை.
5. செயலி: ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ் முதலியன.

மூன்றாவதும் நான்காவதும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. எக்ஸ்11 என்பது 1987இல் வந்த ஏற்பாடு. அதில் சர்வர் வேறு, ஷெல் வேறு. ஷெல் செத்தாலும் விண்டோக்கள் பிழைத்துக்கொள்ளும். 2008இல் தொடங்கிய வேலண்டில் பொதுவாக இரண்டும் ஒரே புரோகிராம். அதனால் வேலண்ட் க்னோமில் ஷெல் விழுந்தால் திறந்திருந்த விண்டோக்களும் சேர்ந்தே போகும். சேமிக்காத கடிதம் திரும்பி வராது. உங்களிடம் எது ஓடுகிறது என்பதை செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதியிலோ, உள்நுழையும் திரையில் இருக்கும் பற்சக்கரப் பொத்தானிலோ பார்க்கலாம்.

ஹேங் ஆன முதல் இரண்டு நிமிடம்

பவர் பொத்தானை நான்கைந்து நொடி அழுத்திப் பிடித்து அணைப்பதுதான் நம் எல்லோருக்கும் கைப்பழக்கம். அதற்கு முன் இரண்டே நிமிடம் செலவழித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

1. அம்பு நகர்கிறதா? நகர்ந்தால் கர்னல் உயிரோடு இருக்கிறது. சிக்கல் ஷெல்லிலோ செயலியிலோ இருக்க வாய்ப்பு அதிகம்.

2. அம்பு நகர்கிறது, கிளிக் எடுக்கிறது, ஆனால் டைப் மட்டும் ஆகவில்லையா? தமிழில் தட்டச்சுபவர்கள் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும். தமிழ்99 போன்ற விசையமைப்புகளைப் பல டெஸ்க்டாப்களில் ஐபஸ் என்ற தனி புரோகிராம்தான் கவனிக்கிறது. அது மாட்டிக்கொண்டால் செயலியே உறைந்தது போலத் தெரியும். மெனு வழியாக வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் பெரும்பாலும் சரியாகும். டெர்மினலில் மட்டும் டைப் ஆகிறதென்றால் 'ஐபஸ் ரீஸ்டார்ட்' போதும்.

3. கேப்ஸ் லாக் விளக்கு எரிந்து அணைகிறதா? அணைந்தால் கர்னலும் டிஸ்ப்ளே சர்வரும் இயங்குகின்றன. அணையாவிட்டால் கர்னல் செத்தது என்று பலர் முடிவுகட்டுகிறார்கள், அது தவறு. வரைகலைத் திரையில் அந்த விளக்கை ஏற்றி இறக்குவது டிஸ்ப்ளே சர்வர். அது மட்டும் மாட்டியிருந்தாலும் விளக்கு அசையாது. லேப்டாப்பிலோ பழைய வட்ட பின் கீபோர்டிலோ விளக்கு தானாகவே விட்டு விட்டு மின்னினால் கதை வேறு: கர்னலே கைவிரித்துவிட்டது. அதைத்தான் கர்னல் பேனிக் என்பார்கள்.

4. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரையில் லாகின் கேட்கிறதா? கேட்டால் நல்ல செய்தி. அங்கே உள்நுழைந்து 'டாப்' என்று அடித்தால் எந்த புரோகிராம் சிபியுவையும் ராமையும் தின்கிறது என்று தெரியும். அதை மட்டும் கொன்றுவிட்டு, கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தித் திரும்பலாம். சில டிஸ்ட்ரோக்களில் (உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளை இப்படிச் சொல்வார்கள்) திரும்பும் விசை எஃப்1 அல்லது எஃப்7.

5. கையிலிருக்கும் போனிலிருந்து கணினியைத் தொட்டுப் பாருங்கள். அதே வைஃபையில் இருக்கும் போனில் டெர்மக்ஸ் போன்ற செயலி இருந்தால் முதலில் 'இருக்கிறாயா' என்று கேட்கும் 'பிங்', பிறகு தூரத்திலிருந்து உள்நுழையும் 'எஸ்எஸ்ஹெச்'. இருப்பதிலேயே அதிகம் சொல்லும் சோதனை இது. பிங்குக்குப் பதில் தருவது கர்னல். பிங் வருகிறது, எஸ்எஸ்ஹெச்சும் உள்ளே விடுகிறது என்றால் கணினி நலம், திரைப்பக்கம்தான் கோளாறு. பிங் வருகிறது, ஆனால் எஸ்எஸ்ஹெச் தொங்குகிறது என்றால் ராம் தீர்ந்திருக்கலாம் அல்லது டிஸ்க் பதில் சொல்லாமல் இருக்கலாம். பிங்கே இல்லையென்றால் கர்னலோ வன்பொருளோ விழுந்திருக்கும். ஒன்று மட்டும்: உபுண்டு டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்ஹெச் சர்வர் முன்கூட்டியே இருக்காது. நன்றாக ஓடும் நாளிலேயே 'ஓப்பன் எஸ்எஸ்ஹெச் சர்வர்' பேக்கேஜை நிறுவி, கணினியின் ஐபி எண்ணையும் குறித்து வைக்க வேண்டும்.

கடைசி வழி: சிஸ்ஆர்க்யூ

எதுவும் கைகொடுக்காவிட்டாலும் பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் ஒரு படி இருக்கிறது. டிஸ்ப்ளே சர்வரைக் கேட்காமல் நேராகக் கர்னலிடம் போகும் விசைகள் இவை. ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி என்ற எழுத்துகளைச் சில நொடி இடைவெளி விட்டு அழுத்த வேண்டும். எஸ், நினைவகத்தில் காத்திருக்கும் தரவை டிஸ்க்கில் எழுதும். யூ, டிஸ்க்கை வாசிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றும். பி, கணினியை உடனே மறுதொடக்கம் செய்யும்.

பல வழிகாட்டிகள் ஆர், ஈ, ஐ, எஸ், யூ, பி என்று ஆறு எழுத்து சொல்லும். உபுண்டுவில் முதல் மூன்றும் வேலை செய்யாமல் போனால் குழம்ப வேண்டாம். அங்கே இயல்பாக இருக்கும் மதிப்பு 176. அதாவது 128, 32, 16 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. மறுதொடக்கம், வாசிக்க மட்டும், டிஸ்க்கில் எழுது ஆகிய மூன்றுக்குத்தான் அது அனுமதி தருகிறது. எல்லாம் வேண்டுமென்றால் கர்னல் டாட் சிஸ்ஆர்க்யூ என்ற அமைப்பை 1 என்று மாற்றலாம். வீட்டுக் கணினியில் தாராளமாகச் செய்யலாம். பலர் கைவைக்கும் கடைக் கணினியில் வேண்டாம்.

இந்த 'எஸ்' வெறும் சம்பிரதாயமல்ல. கணினியின் பதிவேடான ஜர்னல், அவசரச் செய்திகளைத் தவிர மற்றவற்றை இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் டிஸ்க்கில் உறுதியாகப் பதிக்கிறது. பொத்தானை அழுத்தி அணைத்தால், ஹேங் ஆன கணத்தில் கர்னல் எழுதிய வரிகள் டிஸ்க்குக்குப் போகாமலே அழிந்துபோகலாம். நமக்கு வேண்டியது அந்த வரிகள்தான்.

பதிவேட்டில் என்ன தேடுவது

மறுபடி பூட் ஆனதும் டெர்மினலில் 'ஜர்னல்சிடிஎல்' அடித்து, இடைவெளி விட்டு ஹைஃபன் கே, மீண்டும் இடைவெளி விட்டு ஹைஃபன் பி, அதன் பின் ஹைஃபன் 1 சேருங்கள். போன முறை ஓடியபோது கர்னல் எழுதியவை வரும். கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். பழைய பதிவு எதுவும் இல்லையென்றால் வார் கோப்புறைக்குள், லாக் என்பதற்குள் 'ஜர்னல்' என்ற கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள்; பல டிஸ்ட்ரோக்களில் அது இருந்தால்தான் பதிவுகள் டிஸ்க்கில் நிலைக்கும்.

சிவப்பு வரிகளைக் கண்டு மிரள வேண்டாம். ஆரோக்கியமான கணினியிலும் பத்திருபது இருக்கும், குறிப்பாகக் கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் பற்றி 'ஏசிபிஐ' என்று வரும் புலம்பல்கள். கவனிக்க வேண்டியவை இவை:

1. 'ஜிபியு ஹேங்': இன்டெல் ட்ரைவரின் வாக்குமூலம்.
2. 'ரிங் ஜிஎஃப்எக்ஸ் டைம்அவுட்': ஏஎம்டி கிராஃபிக்ஸுக்குக் கொடுத்த வேலை முடியவில்லை.
3. 'எக்ஸ்ஐடி' என்ற சொல்லும் ஓர் எண்ணும்: என்விடியா ட்ரைவர். எண் 79 என்றால் கார்டு கணினியின் பார்வையிலிருந்தே மறைந்துவிட்டது. கார்டையும் ஸ்லாட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பார்க்க வேண்டும்.
4. 'அவுட் ஆஃப் மெமரி': ராம் தீர்ந்து, கர்னல் எதையோ கொன்றிருக்கிறது.
5. 'ஏடிஏ' என்று தொடங்கி 'எக்ஸப்ஷன்' என்று போகும் வரிகள்: டிஸ்க் அல்லது அதன் சாட்டா கேபிள்.
6. 'ஹார்டுவேர் எரர்', 'மெஷின் செக்': சிபியுவே புகார் தருகிறது.

கடைசி வரி சாதாரணமாக முடிந்து, அதன் பிறகு ஒன்றுமே இல்லையென்றால் அதுவும் ஒரு தடயம். ட்ரைவர் கோளாறில் கர்னல் பெரும்பாலும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் விழும். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விழுந்தால் மின்சாரம், ராம், சிபியு பக்கம் திரும்ப வேண்டும்.

ராம் தீர்ந்தால் ஏன் மொத்தமும் நிற்கிறது

4 ஜிபி, 8 ஜிபி ராம் உள்ள பழைய கணினிகளில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். அடையாளம் எளிது: ஹார்டு டிஸ்க் விளக்கு விடாமல் எரியும், அம்பு பத்து நொடிக்கு ஒருமுறை குதிக்கும்.

உள்ளே நடப்பது இது. ராம் நிறைந்தவுடன் கர்னல் இடம் தேடுகிறது. டிஸ்க்கில் நகல் இருக்கும் எதையும் ராமிலிருந்து தூக்கிவிடலாம் என்பது அதன் கணக்கு. அப்படித் தூக்கக்கூடியவற்றில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் கோடும், அதாவது நிரலும், உண்டு. அடுத்த கணம் அந்தக் கோடு தேவைப்படும். மறுபடி டிஸ்க்கிலிருந்து படிக்கும். அதற்கு இடம் வேண்டி இன்னொன்றைத் தூக்கும். ஒரு பாயில் நாலு பேர் மாறி மாறிப் படுப்பது போல, யாருக்கும் தூக்கமில்லை. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் இப்படிச் சிதறிய வாசிப்புகள் நொடிக்கு நூறு, நூற்றைம்பதுதான் நடக்கும். எஸ்எஸ்டியில் பல்லாயிரம். அதே 4 ஜிபி கணினி எஸ்எஸ்டி மாட்டியதும் உயிர்பெறுவது இதனால்தான்.

ராமில் இடம் போதாதபோது பயன்படுத்த டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்தான் ஸ்வாப். அதை நீக்கினால் ஹேங் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. மேலே சொன்ன சுழற்சிக்கு ஸ்வாப் தேவையே இல்லை. நீக்கினால் அது இன்னும் சீக்கிரம் தொடங்கும்.

கர்னலிடம் ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கில்லர் என்ற ஏற்பாடு உண்டு. இடம் அடியோடு கிடைக்காதபோது பெரிய புரோகிராம் ஒன்றைக் கொன்று மற்றவற்றைக் காப்பாற்றும். ஆனால் அது வருவதற்குள் பல நிமிடம் ஓடிவிடும். அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் ஃபெடோரா 34இலும் உபுண்டு 22.04இலும் சிஸ்டம்டி-ஓஓஎம்டி என்ற புரோகிராம் இயல்பாகச் சேர்க்கப்பட்டது. ராமுக்காகப் புரோகிராம்கள் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கின்றன என்று பார்த்து, நிலைமை முற்றும் முன்பே வெட்டும். பழைய டிஸ்ட்ரோ என்றால் 'எர்லிஓஓஎம்' நிறுவலாம். ராமிலேயே ஒரு பகுதியைச் சுருக்கி ஸ்வாப்பாக வைக்கும் 'இசட்ராம்' 4 ஜிபி கணினிக்கு நல்ல உதவி. ஆனாலும் குரோமில் நாற்பது டேப் திறந்து வைத்துக்கொண்டு லினக்ஸைத் திட்டுவதில் நியாயமில்லை.

கிராஃபிக்ஸ் ட்ரைவர்

போனிலிருந்து உள்ளே போக முடிகிறது, திரை மட்டும் சிலையாக நிற்கிறது, பதிவேட்டில் மேலே சொன்ன முதல் மூன்றில் ஒன்று இருக்கிறது. அப்படியானால் இடம் இதுதான். போகும் வரிசை:

1. அண்மையில் அப்டேட் ஆனதா? பூட் ஆகும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் அழுத்தி எந்தக் கர்னலில் தொடங்குவது என்று கேட்கும் க்ரப் மெனுவைக் கொண்டுவந்து, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாக முந்தைய கர்னலில் இரண்டு நாள் ஓட்டுங்கள். ஹேங் நின்றால் குற்றவாளி புதிய கர்னல். அடுத்த அப்டேட் வரை பழையதிலேயே இருக்கலாம்.

2. வேலண்டில் ஹேங் ஆகிறதென்றால், எக்ஸ்11 செஷன் இன்னும் கிடைக்கும் டிஸ்ட்ரோவில் அதற்கு மாறிப் பாருங்கள். எக்ஸ்11இல் ஹேங் ஆகிறதென்றால் வேலண்டுக்கு மாறிப் பாருங்கள். க்னோமில் கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களை ஒரே அடியாக அணைத்துப் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். அவை ஷெல்லுக்குள்ளேயே ஓடுவதால் ஒன்று மாட்டினாலும் ஷெல் முழுதும் நிற்கும்.

3. என்விடியா கார்டா? செகண்ட் ஹேண்ட் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஜிடி 730 ஒரு பொறி. அதே பெயரில் ஃபெர்மி என்ற பழைய தலைமுறைச் சிப்பும் வந்தது, அதற்கடுத்த கெப்ளர் சிப்பும் வந்தது. ஃபெர்மிக்கான கடைசி ட்ரைவர் வரிசை 390. அதன் ஆதரவு 2022 இறுதியில் முடிந்தது. கெப்ளருக்கு 470 வரிசை. அதுவும் 2024இல் முடிந்தது. புதிய கர்னலோடு இவை ஒத்துப்போகாமல் மல்லுக்கட்டும். அதற்கு நூவோவே மேல். இன்டெல் சிப்பில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றி வைப்பது அதைவிட மேல்.

4. 'நோமோட்செட்' என்று பூட் வரியில், அதாவது தொடங்கும்போது கர்னலுக்குத் தரும் கட்டளை வரியில், சேர்க்கச் சொல்வார்கள். அது சோதனைக்கு மட்டும். கிராஃபிக்ஸ் ட்ரைவரை ஒதுக்கிவிட்டு சிபியுவாலேயே வரையச் சொல்கிறது. அப்போது ஹேங் நின்றால் ட்ரைவர் பக்கம் என்று உறுதி. ஆனால் அதையே நிரந்தரமாக விட்டால் வீடியோ திக்கும், சிபியு சூடேறும்.

சும்மா இருக்கும்போது நிற்கும் கணினி

வேலை செய்யும்போது நன்றாக ஓடி, டீ குடித்துவிட்டு வந்தால் நின்றிருக்கிறதா? ராமையும் கிராஃபிக்ஸையும் விட்டுவிட்டு சிபியுவின் உறக்க நிலைகளைப் பாருங்கள். வேலையில்லாதபோது சிபியு மின்சாரத்தை மிச்சப்படுத்த ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும். சில சிப்கள் அதிலிருந்து எழுவதில்லை. இன்டெல் பே ட்ரெயில் குடும்பம், அதாவது ஜே1900 போன்ற செலரான்கள், இதற்குப் பேர்போனவை. பூட் வரியில் இன்டெல் ஐடில் மேக்ஸ் சிஸ்டேட் மதிப்பை 1 என்று வைத்தால் ஆழ்ந்த உறக்கம் தடுக்கப்படும். ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசன் சிபியுவில் பயாஸுக்குள் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதை 'டிபிகல் கரன்ட் ஐடில்' என்று மாற்றுவது பலருக்கு உதவியது. பழைய எஸ்எம்பிஎஸ்களுக்கு மிகக் குறைந்த மின்னோட்டத்தில் நிலையாக இருக்கத் தெரியாததும் இதில் ஒரு காரணம்.

வன்பொருள் பக்கம்

பதிவேடு மௌனம், பிங்கும் இல்லை என்றால் கேபினட்டைத் திறக்க வேண்டும். பெங்களூரின் கட்டுமானத் தூசி ஃபேனிலும் ஹீட்சிங்க்கிலும் கம்பளி போலப் படியும். ப்ளோயரால் ஊதி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே ஏப்ரல் மாத ஹேங்குகள் சில அடங்கும். 'சென்சார்ஸ்' கட்டளை வெப்பநிலையைக் காட்டும்.

ராமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற புரோகிராம் உண்டு. 2022இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து பழைய பயாஸுக்குப் பதில் யூஇஎஃப்ஐ உள்ள கணினிகளிலும் ஓடும். இரவு முழுக்க விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராமை நம்ப முடியாது. இரண்டு குச்சி இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிச் சோதிக்க வேண்டும். கழற்றி, தங்கப் பட்டைகளை ரப்பரால் தேய்த்து மாட்டும் கடைக்கார வைத்தியத்தைக் கேலி செய்ய வேண்டாம். ஆக்சைடு படிந்த தொடுமுனை உண்மையான காரணம்தான். மெல்லத் தேய்க்க வேண்டும், அவ்வளவே.

கரன்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் கணத்தில் ஹேங் ஆகிறதென்றால் எஸ்எம்பிஎஸ்ஸையும் இன்வெர்ட்டரின் யூபிஎஸ் மோடையும் பாருங்கள். பழைய வாடகை வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், எர்த் இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து அதையும் பார்த்துவிடுவது நல்லது.

புதுக் கணினி என்றால் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் சிலவற்றுக்கு ஒரு தனிக்கதை உண்டு. சிப் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் பழுதாவதை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் அடிப்படை மென்பொருள்) திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தத் திருத்தம் அடங்கிய பயாஸ் அப்டேட் மேற்கொண்டு சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது.

கடைக்குக் கொண்டுபோகும் முன்

லினக்ஸ் நிறுவப் பயன்படுத்திய அதே பென்டிரைவிலிருந்து, நிறுவாமல், 'ட்ரை' என்பதைத் தேர்ந்து கணினியை ஓட்டுங்கள். வழக்கமாக ஹேங் ஆகும் வேலையை அங்கே இரண்டு மூன்று மணி நேரம் செய்து பாருங்கள். அது உங்கள் டிஸ்க்கில் இருக்கும் எதையும் தொடாமல் ஓடும் புத்தம் புதிய லினக்ஸ். ஃபார்மட் செய்தால் கிடைக்கப் போவதும் இதேதான். அங்கேயும் திரை நின்றால் கடையில் ஃபார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். மெம்டெஸ்ட் முடிவையும் பதிவேட்டின் கடைசி வரிகளையும் போனில் படமெடுத்துக் கொண்டுபோய், வேறு எஸ்எம்பிஎஸ் ஒன்றை அரை மணி நேரம் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.